மீண்டும் வளைந்த பாதம்

பிள்ளையின் பாதம் பிறவியிலேயே உட்புறமாக வளைந்திருந்தது. மருத்துவமனையில் சேர்த்து அறுவை செய்தார்கள். தையல் ஆறியது, சில காலம் பாதம் நேராகவும் இருந்தது. இப்பொழுது பழையபடி வளைந்துவிட்டது. மறுபடியும் அறுக்க வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

இக்கேள்வியோடு பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நிற்கும் பெற்றோரை நம் குருக்களில் பலர் கண்டிருப்பர். முதல் அறுவைக்காகத் தாலிச் சங்கிலியை அடகு வைத்தவர்கள் அவர்கள். பணம் போனது ஒரு துயரம். நம்பிக்கை போனது அதனினும் பெரிய துயரம். "எங்கள் தலையெழுத்து இதுதான்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பி, அதன்பின் எவரிடமும் காட்டாமலே விட்டுவிடுவோர் உண்டு. யார் கத்தியை எடுத்தாலும் மறுபேச்சின்றி இசைந்துவிடுவோரும் உண்டு. இவ்விரு வழிகளும் தவறானவை என்பது என் கருத்து. முதல் அறுவை ஏன் பயனற்றுப் போயிற்று என்பதைக் கேட்டறியாமல் இரண்டாவதற்கு உடன்படலாகாது. அதனைக் கேட்டறிந்தோர் நம்பிக்கை இழக்கவும் காரணமில்லை. இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

நம் மக்கள் கோணக்கால் என்றும், நூலோர் வளைபாதம் என்றும் கூறும் இக்குறை அரிதான ஒன்றன்று. உலகெங்கும் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இவ்வாறு பிறக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது இருமடங்கு காணப்படுகிறது. பாதிப்பேருக்கு இரு பாதங்களும் வளைந்திருக்கும். குதிகால் மேலேறி, பாதத்தின் முன்பகுதி உள்நோக்கித் திரும்பி, ஒரு காலின் உள்ளங்கால் மறுகாலைப் பார்ப்பது போன்று நிற்கும். கவனியாது விட்டால் பிள்ளை பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடக்கக் கற்றுக்கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்விடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறும், புண்ணும் வரும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி கிரகண வேளையில் வெளியே வந்தாள், அரிவாள்மனையைத் தொட்டாள், ஆகையால்தான் பிள்ளையின் கால் கோணிற்று என்று மருமகளைத் தூற்றும் வழக்கம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களையும் விட்டபாடில்லை. இது முழுப் பொய். கருவிலே பாதத்தின் தசைநாண்களும் இணைப்பு நார்களும் இறுகி வளர்வதால் இக்குறை நேர்கிறது. அதற்கான முழுக் காரணத்தை மருத்துவ உலகம் இன்னும் ஆய்ந்து வருகிறது. பரம்பரைக்கு இதில் ஓரளவு பங்கு உண்டு, கிரகணத்திற்கு இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாயின் நெஞ்சில் இப்பழியை ஏற்றுகின்ற மாமியார்கள், அப்பேச்சை விடுத்து அவளோடு மருத்துவமனைக்கு ஒருநாள் சென்று வந்தால் எவ்வளவோ நலம்!

இனி, அறுவை ஏன் தோற்கிறது? பிறந்த குழந்தையின் பாதத்தில் எலும்புகளுள் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் நார்கள் இறுகியிருந்தாலும், மெல்ல இழுத்தால் நெகிழ்ந்து நீளும் இயல்புடையவை. ஆனால் அந்நார்களைக் கத்தியால் அறுத்தால், அறுத்த இடத்தில் தழும்புத் தசை உருவாகும். தழும்பு நெகிழாது, பிள்ளை வளர அதுவும் ஒத்து வளராது. சில ஆண்டுகளில் அத்தழும்பே பாதத்தை மறுபடி உள்நோக்கி இழுக்கிறது. இரண்டாம் முறை அறுத்தால் தழும்பின்மேல் தழும்பு. மூன்றாம் முறை அறுத்தால் பாதம் மரக்கட்டை போல் விறைத்துப் போகலாம். சிலருக்கு இதற்கு நேர்மாறாக, அளவுக்கு மீறி நார்கள் விடுவிக்கப்பட்டதால் பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்து தட்டையாகிவிடுவதும் உண்டு.

1971-இல் அமெரிக்க மருத்துவர் வின்சென்ட் டர்க்கோ, பாதத்தின் உட்புறத்தையும் பின்புறத்தையும் திறந்து இறுகிய நார்கள் அனைத்தையும் ஒரே முறையில் விடுவிக்கும் அறுவையை வெளியிட்டார். அடுத்த இருபது முப்பது ஆண்டுகள் உலகெங்கும் அவ்வகை அறுவைகளே கோலோச்சின. மருத்துவர்கள் தீய எண்ணத்தால் செய்ததன்று. அறுத்த சில மாதங்களில் பாதம் அழகாகத் தோன்றியது. அப்பிள்ளைகள் முப்பது வயதை எட்டிய பின்னரே உண்மை தெரிந்தது. 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகர மருத்துவர்கள், சிறுவயதில் இவ்வாறு அறுவை செய்துகொண்டவர்களை வரவழைத்து ஆராய்ந்து எழுதினர். பலருடைய பாதங்கள் விறைத்தும் வலித்தும் மூட்டுத் தேய்ந்தும் இருந்தன. எவ்வளவுக்கு அதிகமாக அறுக்கப்பட்டிருந்ததோ, அவ்வளவுக்குப் பாதத்தின் செயல் குன்றியிருந்தது. இரண்டாவது அறுவைக்குக் கையொப்பம் இடுமுன் ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இவ்வுண்மையை வேறொரு வழியில் நம் தமிழகத்திலேயே ஒருவர் முன்னரே கண்டிருந்தார். அவர் டாக்டர் பால் பிராண்டு. 1914-இல் கொல்லிமலையில் மறைபோதகப் பெற்றோருக்குப் பிறந்து, அம்மலையிலேயே சிறுவயதைக் கழித்து, இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்தவர் என்றே அவரைப் பலரும் அறிவர். வளைபாதத்திலும் அவர் கண்டதொன்று உண்டு. இலண்டனில் அவர் பயின்றது, வளைந்த பாதத்தை வலிமையோடு திருப்பி நேராக்கும் முறை. வேலூருக்கு வந்தபோது, எந்த வைத்தியமும் செய்யப்படாமல் வளர்ந்துவிட்டவர்களின் பாதங்களை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தார். வளைவு கொடியதாக இருந்தும் அப்பாதங்களின் தசை மென்மையாகவும் நெகிழ்வாகவும் இருந்தது! இங்கிலாந்தில் திருத்தப்பட்ட பாதங்களோ நேராக இருந்தும் தழும்பேறி விறைத்திருந்தன. கேட்டை விளைவித்தது வளைவு மட்டுமன்று, வன்முறையும்தான் என்று அவர் உணர்ந்தார்.

அதன்பின் அவர் கைக்கொண்ட வழி எளிமையானது. குழந்தையைப் பசியோடு கொண்டுவரும்படி தாய்மாருக்குச் சொல்வார். தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்க, மருத்துவர் பாதத்தை மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார். கண்கள் பாதத்தின்மேல் அன்று, குழந்தையின் முகத்தின்மேல்! பால் குடிப்பதை நிறுத்திக் குழந்தை அழுதால், அளவு மீறிவிட்டது என்று பொருள். உடனே கையைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். 1993-இல் பிலிப் யான்சியுடன் சேர்ந்து எழுதிய நினைவு நூலில் அவரே இவற்றை விவரித்திருக்கிறார். 2003-இல் அவர் மறைந்தார்.

பிராண்டு பிறந்த அதே 1914-ஆம் ஆண்டில், ஸ்பெயின் நாட்டின் மெனோர்க்கா தீவில், கைக்கடிகாரம் பழுது பார்க்கும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் இக்னாசியோ பொன்செட்டி. பெயரைக் கேட்டுச் செட்டிநாட்டுக்காரர் என எண்ணிவிட வேண்டா! ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயமுற்றோருக்குப் பணிபுரிந்து, தோல்வியுற்ற பக்கத்தைச் சேர்ந்தவராகையால் நாட்டைவிட்டு வெளியேறி, மெக்சிகோ வழியாக 1941-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவமனையை அடைந்தார். அங்கே அவருக்கு முதலில் இடப்பட்ட பணிகளுள் ஒன்று, முன்பு வளைபாதத்திற்கு அறுவை செய்யப்பட்டோரின் நிலையை ஆராய்வது. அவர் கண்டது விறைப்பும் வலியும் வலுவின்மையுமே. தோல்விகளை உற்று நோக்கியதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகம் ஏற்றுக்கொண்டுள்ள பொன்செட்டி முறை.

அதன் விவரம் இது. பிறந்த சில நாள்களிலேயே தொடங்கி, வாரத்திற்கு ஒருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி, விரல் நுனியிலிருந்து தொடை வரை மாவுக்கட்டுப் போடுவார்கள். ஒவ்வொரு வாரமும் கட்டை அகற்றி, சிறிது மேலும் திருப்பிப் புதுக் கட்டு. ஐந்து முதல் ஏழு கட்டுகளில் பாதத்தின் வளைவு பெரும்பாலும் நேராகிவிடும். குதிகால் மட்டும் இறங்காது நிற்குமாயின், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அப்படித்தான், குதிகாலின் பின்னுள்ள தசைநாணை ஊசி நுழையும் அளவே திறந்து ஒரே வெட்டில் விடுவிப்பார்கள். தையல் வேண்டியதில்லை. மூன்று வாரம் இறுதிக் கட்டு. அதற்குள் அந்நாண் நீண்ட நிலையிலேயே மறுபடி கூடிவிடும். இம்முறையைத் தம் நாற்பதுகளின் இறுதி முதல் கைக்கொண்ட பொன்செட்டி என்று எழுத நினைத்தேன். அப்போது அவருக்கு முப்பத்துநான்கு வயதே! 1948 முதல் செய்து, 1963-இல் விரிவாக எழுதியும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் செவிசாய்க்கவில்லை. 1995-இல் அவருடைய பழைய நோயாளிகள் முப்பது வயதைக் கடந்தபின் சோதித்ததில், நூற்றுக்கு 78 பேரின் பாதம் நன்றாக அல்லது மிக நன்றாக இருந்தது. குறையே இல்லாது பிறந்தோரிடம் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 85. அதன்பின்தான் உலகம் விழித்தது. 2009-இல், 95 வயதில் அவர் மறைந்தார்.

ஆயினும் இம்முறையிலும் பாதம் மீண்டும் வளைவது உண்டு. காரணம் பெரும்பாலும் மருத்துவமனையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கட்டுகள் முடிந்தபின் இரு காலணிகளை ஒரு தண்டில் பொருத்திய சாதனம் ஒன்றைக் கொடுப்பார்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பின்னர் ஏறத்தாழ நான்கு வயது வரை இரவிலும் பகல் உறக்கத்திலும் அதனை அணிவிக்க வேண்டும். பாதம் நேராகிவிட்டதே, இனி எதற்கு என்று நிறுத்திவிடுவோரின் பிள்ளைகளுக்கே வளைவு மிகுதியாகத் திரும்புகிறது.

மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இதை நேரில் கண்டேன். தாய் பூ கட்டும் வேலைக்கு விடியுமுன்னே சென்றுவிட, பிள்ளையை வளர்த்தவர் பாட்டி. அக்காலணி பரணில் தூசி படிந்து கிடந்தது. கேட்டபோது, "சாமி, பகல்ல விளையாடுற நேரம் மாட்டி விட்டுருவேன். ராத்திரிதான் பச்சப்புள்ள கதறுது. மனசு கேக்கல, கழட்டிருவேன்" என்றார். அவரிடம் கோபிக்க இயலுமா? அன்பினால் செய்தது. எந்த நேரத்தில் அணிவிக்க வேண்டுமோ அந்த நேரத்தில் கழற்றி, எந்த நேரத்தில் கழற்றலாமோ அந்த நேரத்தில் மாட்டியிருக்கிறார். மருத்துவமனையில் தாயிடம் சொன்னார்கள். பாட்டியிடம் எவரும் சொல்லவில்லை. பிள்ளையை இரவில் கிடத்துபவர் எவரோ, அவரை அன்றைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். முதல் சில இரவுகள் அழுகை இருக்கும். இரு கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டப் பழகிவிட்டால் பிள்ளை அடங்கிவிடும். காலணி உரசிப் புண்ணாகியிருந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வேளாங்கண்ணிக்கு நடைபயணம் புறப்படும் குடும்பங்களுக்கும் ஒரு சொல்: மோர் விற்ற முடச்சிறுவன் நலம் பெற்ற நடுத்திட்டில் முழந்தாளிடுங்கள், வெள்ளியில் கால் செய்து காணிக்கையும் வையுங்கள், ஆனால் பிள்ளையின் காலணியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

முன்னரே அறுக்கப்பட்டு மீண்டும் வளைந்த பாதத்திற்கு இப்பொழுது வருவோம். அறுத்த பாதத்திற்கும், பல வேளைகளில் முதலில் செய்யத்தக்கது மாவுக்கட்டே என்பது இன்றைய அனுபவம். தழும்பு இருப்பதால் கட்டுகள் கூடுதலாகத் தேவைப்படலாம்; முழுத் திருத்தம் கிட்டாமலும் போகலாம். எனினும் மீதமுள்ள வளைவு சிறிதானால், பின் செய்யும் அறுவையும் சிறிதாகும். மூன்று வயதை ஒட்டிய பிள்ளை நடக்கும்போது பாதம் உட்புறமாகத் திரும்பித் திரும்பி விழுந்தால், கணுக்காலின் முன்னே ஓடிப் பாதத்தின் உட்புறத்தில் பற்றியிருக்கும் தசைநாணை எடுத்து வெளிப்புறமாக நகர்த்திப் பொருத்துவார்கள். இது நார்களை அறுத்து விடுவதன்று. இழுக்கும் திசையை மாற்றுவது. நல்ல பலன் தருவது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு, பாதம் விறைத்துவிட்ட நிலையில், எலும்பையே ஆப்பு வடிவில் வெட்டி நேராக்குதலும், வளர்ச்சி முடியும் பருவத்தில் பாதத்தின் மூன்று மூட்டுகளை ஒன்றாக இணைத்துவிடுதலும் உண்டு. மூட்டை இணைத்தால் பாதம் நேராக நிற்கும், ஆனால் அசையாது. அசைவின் சுமை முழுவதும் கணுக்காலின்மேல் ஏறி, இருபது முப்பது ஆண்டுகளில் அதுவும் தேயக்கூடும். வயல் வரப்பில் நடந்து பிழைக்க வேண்டிய பையனுக்கு இது எப்படிப்பட்ட விலை என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். வலியோடு விறைத்த பாதத்திற்கு அது தகுந்த தீர்வாகவும் இருக்கலாம்.

மற்றொரு வழி இலிசாரோவ் வளையம். சைபீரியாவின் குர்கான் நகரில் டாக்டர் கவ்ரீல் இலிசாரோவ் 1950-களில் உருவாக்கியது. காலைச் சுற்றி இரும்பு வளையங்களை வைத்து, மெல்லிய கம்பிகளை எலும்பினூடே செலுத்தி இழுத்துக் கட்டி, மரையை நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருகுவார்கள். எலும்பை நீட்டுவதானால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதுவும் நான்கு தவணையாக! பழைய தழும்பால் தோல் இறுகிய பாதத்தை ஒரே நாளில் நேராக்கினால் தோல் கிழிந்து, இரத்த ஓட்டமும் தடைப்படலாம். வளையத்தால் வாரக்கணக்கில் நேராக்கினால் தோலும் நரம்பும் இரத்தக்குழாய்களும் உடன் நீண்டு கொடுக்கும்.

இம்முறையை மேலைநாடுகள் அறிந்த கதை நம் பொருளுக்கு மிகப் பொருத்தமானது. கார்லோ மவுரி என்னும் இத்தாலிய மலையேறி பனிச்சறுக்கில் விழுந்து கால் முறிந்தார். செய்த சிகிச்சைகள் பயனளிக்காமல் கால் குட்டையாகி, குதிகால் தரை தொடாது, இருபது ஆண்டுகளாய் நொண்டி நடந்தார். அக்காலோடுதான் 1969-இல் தோர் ஹெயர்டாலின் நாணற்படகில் அட்லாண்டிக் கடலிலும் சென்றார்! அப்படகில் மருத்துவராக இருந்த ரஷ்யர் யூரி செங்கேவிச் கூறிய சொல்லைப் பின்பற்றி 1980-இல் குர்கானுக்குப் போனார். எல்லோரும் கைவிட்ட காலை இலிசாரோவ் நீட்டியும் நேராக்கியும் அனுப்பினார். மவுரியின் காலைக் கண்டு வியந்த இத்தாலிய மருத்துவர்கள் அடுத்த ஆண்டே இலிசாரோவைத் தங்கள் நாட்டிற்கு அழைத்தனர். ஆனால் வளையம் எளிதன்று. மாதக்கணக்கில் கம்பி நுழையும் இடங்களைத் தூய்மையாய் வைத்திராவிட்டால் சீழ் பிடிக்கும். மரை திருகுவது வீட்டார் பொறுப்பு, நாள் தவறக்கூடாது.

ஆகவே மருத்துவர்முன் அமரும்போது கூச்சமின்றிக் கேளுங்கள். முதல் அறுவையில் எதனை அறுத்தார்கள்? வெளியேறும்போது தந்த தாளையும் பழைய எக்ஸ்ரே படங்களையும் தொலைக்காமல் கொண்டு செல்லுங்கள். அவை இல்லாவிடில் இரண்டாம் மருத்துவர் இருட்டில் துழாவ வேண்டியிருக்கும். பாதம் ஏன் திரும்பியது, தழும்பாலா, காலணி அணியாததாலா, அல்லது தசை, நரம்பு நோய் ஏதேனும் மறைந்திருக்கிறதா? முதுகுத்தண்டைப் பார்த்தார்களா? அறுக்குமுன் மாவுக்கட்டு முயன்று பார்க்கலாமா? இவ்வகைப் பாதங்களை இவர் வழக்கமாகச் செய்பவரா? இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளும் மருத்துவரைவிட்டு மற்றொருவரிடம் கருத்துக் கேட்பதில் பாவம் ஒன்றுமில்லை. எண்ணெய் போட்டு உருவி நேராக்கித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் மாதங்களை வீணாக்க வேண்டா.

மதுரையைச் சுற்றியுள்ளோர், முதியோர் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று இன்றும் கூறும் அரசு இராசாசி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவை அணுகலாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் வளைபாதமும் சேர்க்கப்பட்டுள்ளது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் பிள்ளையை மறைக்காமல் காட்டினால் அவர்களே மேலே அனுப்பி வைப்பார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் உடன் எடுத்துச் சென்று, எவ்வறுவைக்கு அது செல்லும் என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். வாரந்தோறும் மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பேருந்தேறி வருவதால் ஒரு நாள் கூலி போகும்; உண்மை. அன்பியத்தார் முறை வைத்து மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அச்சுமை பாதியாகும். நேரம் மிச்சம் என்று முதல்நாளே வீட்டில் மாவுக்கட்டை நனைத்து உரித்துவிடாதீர்கள். ஓர் இரவில் பாதம் பின்வாங்கிவிடும். கட்டுக்குள் விரல்கள் மறைந்துபோனாலோ, நீலம் பாரித்தாலோ, வீங்கினாலோ, வாரம் முடியக் காத்திராமல் அன்றே செல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று. எத்துணை நன்றாகத் திருந்தினாலும், ஒரு பாதம் மட்டும் வளைந்திருந்த பிள்ளைக்கு அப்பாதம் மற்றதைவிடச் சற்றுச் சிறிதாகவும், கெண்டைக்கால் மெலிந்தும் இருக்கும். இது சிகிச்சையின் பிழையன்று. பள்ளி திறக்கும் சூன் மாதத்தில் ஒரே அளவுக் காலணி வாங்கி, ஒரு காலுக்குப் பஞ்சடைத்து அனுப்பும் தாய்மார் உண்டு. அது உரசிப் புண்ணாக்கும். இரு அளவுகளில் இரு இணைகள் வாங்க இயலாதவர்கள், பாதங்களைத் தாளில் வரைந்து கொடுத்தால், செருப்புத் தைக்கும் தொழிலாளி இரு அளவுகளில் ஓர் இணை தைத்துத் தருவார்.